ஸ்ரீமுஷ்ணத்தில் ஓர் இன்டீரியர் டெக்கரேட்டர்

"மாமா, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு! புதன்கிழமை கையெழுத்து!"

அக்கா பையன் போனில் இப்படிக் கூவியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தொன்பது வயதில் வீடு வாங்குகிறான், பரவாயில்லையே! "எங்கேடா, கடலூர்லயா, சிதம்பரத்துலயா?" என்றேன்.

"வீடு இல்ல மாமா, இன்டீரியர். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க."

இன்டீரியர் எந்த வீட்டுக்கு என்கிறீர்கள்? ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் அவன் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு! ஓட்டு வீடு. திண்ணை, முற்றம், சிவப்பு சிமெண்ட் தரை எல்லாம் உண்டு. இந்த வீட்டுக்கு ஃபால்ஸ் சீலிங், சுவரெல்லாம் பி.வி.சி. பேனல், நடுவில் கலர் கலராக மாறும் விளக்கு. கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் ஒரு லட்சம்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இதற்கு முன் இரண்டு வரன் வந்து, காபி குடித்து, கேசரி சாப்பிட்டு, "வீடு ஒரு மாதிரி இருக்கு" என்று போய்விட்டது. அத்திம்பேர் காலமாகி நாலு வருஷம். அதிலிருந்து அக்கா பின்கட்டு அறையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. வீட்டைப் பார்ப்பார் யாருமில்லாமல் அது சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. பையனுக்கு அந்த வருத்தம் வேறு.

தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு லட்சம், 14 சதவிகித வட்டி, 36 மாதம். மாதத் தவணை சுமார் 3,418 ரூபாய். முடிக்கும்போது 1,23,000 சொச்சம் கட்டியிருப்பான். இவ்வளவும் அடுத்தவர் சுவரில்! நாளைக்கு வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் ஃபால்ஸ் சீலிங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக முடியுமா?

"கையெழுத்தை நிறுத்துடா. எட்டாயிரம் ரூபாய் எடுத்து வை. நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நாலு நாள் லீவு போட்டு செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகலாமா? 450 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ரோஜாத் தொட்டி வாங்கிக்கொண்டேன். ஸ்விட்சைப் போட்டால் ஒவ்வொரு ரோஜாவும் தனித்தனியாக மினுக்கும். ரொம்ப அழகு.

லாரி பேக்கர் என்று ஒரு வெள்ளைக்காரர். 1917-ல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் ஏகப்பட்ட வீடு கட்டி, 2007-ல் அங்கேயே காலமான ஆர்க்கிடெக்ட். வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளை வைத்தே கட்டவேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறார். கட்டுவதற்குச் சரி என்றால் அலங்கரிப்பதற்கும் சரிதானே? நாங்கள் ஐந்து மைலைக் கொஞ்சம் இழுத்து விருத்தாசலம் வரைக்கும் அனுமதித்துக்கொண்டோம்.

முதல் வேலை, வாங்குவது இல்லை. கழற்றுவது. கூடத்தில் மட்டும் பதினொரு காலண்டர்! மளிகைக்கடை, நகைக்கடை, உரக்கடை, 2014-ம் வருஷத்து மெடிக்கல் ஷாப். எல்லாவற்றையும் இறக்கியபோது ஒரு தகரப் பட்டை காலண்டருக்குப் பின்னால் இன்னொன்று அகப்பட்டது. கரையான் தொடாத பழைய லக்ஷ்மி படம். கண்ணும் நகையும் தாமரையும், சாட்சாத் கொண்டையராஜு பாணி. கோவில்பட்டி கொண்டையராஜுவைத் (1898-1976) தெரியாதவர்கள் கூட அவர் வரைந்த சாமியைக் கும்பிட்டிருப்பார்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சிஷ்யர்களும் வரைந்ததை சிவகாசி அச்சடித்து, ஊர் ஊராக இலவசமாகத் தமிழன் வீட்டுச் சுவருக்கு அனுப்பியது. இதைவிடச் சிக்கனமான அலங்காரம் உலகத்தில் எங்கே நடந்திருக்கிறது? தேதித் தாளைக் கத்தரித்துவிட்டு, படத்துக்கு மட்டும் 350 ரூபாயில் மரச்சட்டம் போட்டோம். பத்து போய் ஒன்று மட்டும் நின்றபோதுதான் அது படம் என்றே தெரிந்தது.

அடுத்தது சுவர். பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு என்றேன். பையன் முகம் சுருங்கியது. "முதுகுல ஒட்டும் மாமா." ஒட்டாமல் இருக்க வழி இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் நீர்த்து (கொதிக்கும்; முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும், கண்ணில் பட்டால் ஆபத்து), மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கஞ்சியும் கொஞ்சம் உப்பும் சேர்க்கவேண்டும். மஞ்சள் அடிக்காமல் இருக்கத் துளி நீலம். 'துளி' என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூடினால் சுவர் ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி ஆகிவிடும்.

அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. தண்ணீர் பூசியது மாதிரி இருக்கும். "ஏமாந்துட்டோம் மாமா" என்று பையன் அழாத குறை. காயக் காயத்தான் வெளுக்கும். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஆகவே மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. மட்டை பிரஷ் சகிதம் செலவு 900 ரூபாய். கூடம் மல்லிகை மாதிரி ஆகிவிட்டது.

சமையலறையில்தான் சறுக்கினோம். அங்கே யாரோ ஒரு காலத்தில் பச்சை டிஸ்டெம்பர் அடித்திருந்தார்கள். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்பது எனக்குத் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் முறுகல் தோசை மாதிரி உரிந்து தொங்குகிறது. சுரண்டிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.

சோபாவுக்குப் பதில் பாய். இந்த ஊருக்கும் கோரைக்கும் அப்படி ஒரு பந்தம். பெருமாளுக்கே கோரைக்கிழங்குதான் பிரசாதம். வராக அவதாரம் எடுத்தவருக்கு வராகத்துக்குப் பிடித்த கிழங்கு, எவ்வளவு நியாயம்! பாய்க் கோரை அதற்குப் பங்காளி. ஆற்றங்கரை ஈரத்தில் வளர்வதை அறுத்து, நெடுக்கக் கிழித்து, காயவைத்து, நூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். பத்தமடைப் பாய் பட்டு மாதிரி மடியும், விலையும் பட்டு மாதிரி. நமக்குச் சாதாரணக் கோரைப்பாய் போதும். மூன்று வாங்கினோம், 1,350 ரூபாய். கொல்லையில் கிடந்த பெஞ்சைக் கழுவிக் கொண்டுவந்து அதன் மேல் ஒன்று. தரையில் ஒன்று. மூன்றாவதைக் கயிற்றில் தொங்கவிட்டதும் காஸ் சிலிண்டர், ஓட்டை வாளி, அரிசி மூட்டை எல்லாம் மாயமாக மறைந்தன.

வெள்ளிக்கிழமை டூ வீலரில் விருத்தாசலம். பீங்கான் ஊர் சார் அது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசாங்கக் கல்லூரியே உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. வெள்ளை அகல், பொம்மை, ஜாடி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கேயாவது பளபளப்பு குறைந்த செகண்ட்ஸ் இருக்கா என்று கூச்சப்படாமல் கேட்கவும். ஒரு ஜாடி, இரண்டு கிண்ணம், பன்னிரண்டு அகல், 620 ரூபாய். ஜாடியில் வைக்கப் பூ வாங்கவில்லை. வேலியோரத்து நொச்சிக் கொத்து.

அப்புறம் வெளிச்சம். டியூப் லைட் எந்த அழகான முகத்தையும் ரேஷன் கார்டு போட்டோ ஆக்கிவிடும். மஞ்சள் வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, 400 ரூபாய். உச்சியில் மாட்டாமல் தாழ்வாக, மூலைக்கு ஒன்று. பெட்ரோல் 300. ஆக மொத்தம் 3,920. மீதியில் பஜ்ஜிக்கும் கேசரிக்கும் தாராளம்.

சனிக்கிழமை ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைந்தது. கோயில் முன்மண்டபத்துத் தூணைப் பார்த்திருக்கிறீர்களா? நாயக்கர் காலத்து வேலை. குதிரையும் வீரனும் கல்லிலிருந்து பாய்கிற மாதிரி இருக்கும். உள்ளே போனால் இருட்டில் ஒரு விளக்கு. கண் எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே முற்றம் வெறுமையாக இருந்தது.

பையன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். "அம்மா, முத்தத்துல ஒரு கோலம் போடும்மா."

வெகுநேரம் பதிலே இல்லை. அப்புறம் மெதுவாக, "நான் போடலாமாடா?" என்று அக்கா குரல்.

"வேற யாரு போடுவா?"

கல்யாணமான புதிதில் அக்கா மார்கழியில் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். நாலு வருஷமாக மாவு டப்பாவைத் தொடவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு விடிகாலை நாலரைக்கு நான் எழுந்தபோது அக்கா ஏற்கெனவே குனிந்திருந்தாள். முதல் இரண்டு வரிசைப் புள்ளி கொஞ்சம் கோணல். மூன்றாவதிலிருந்து நூல் பிடித்த மாதிரி. நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

வந்தார்கள். சிவப்புத் தரை பளபளக்க வேண்டும் என்று பையன் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். மறுபடி உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததைத்தான் மறந்துவிட்டான். பெண்ணின் தாய்மாமா வாசற்படி தாண்டியதும் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய்ச் சரியாகக் கோரைப்பாயின் நடுவில் உட்கார்ந்தார். அதே வேகத்தில் சமாளித்து, "பாய் ஜில்லுனு இருக்கே!" என்றார். பெரிய மனுஷர்.

பெண் வீட்டைச் சுற்றியெல்லாம் பார்க்கவில்லை. முற்றத்து ஓரமாகக் கோலத்தை மிதிக்காமல் நடந்துபோய், "எத்தனை புள்ளி அத்தை?" என்று கேட்டாள்.

"பதினஞ்சு புள்ளி. ஊடுபுள்ளி, எட்டுல நிறுத்தணும்" என்று அக்கா ஆரம்பித்தாள். அப்புறம் இரண்டு பேரும் முற்றத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கேசரி ஆறிப்போயிற்று. அக்கா சிரிக்கிற சத்தம் கூடத்தில் கேட்டது. பையன் என் பக்கம் திரும்பாமல் பஜ்ஜித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"மாமா, சம்மதமாம்! ஆனா பொண்ணு ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கா."

"ஃபால்ஸ் சீலிங்கா?" என்றேன் நடுங்கி.

"இல்ல மாமா. அந்த மினுக்குற ரோஜாத் தொட்டிய நீங்களே திருப்பி எடுத்துட்டுப் போயிடணுமாம்."