பெயருக்குக் குத்தகை

தோப்புக் குத்தகை நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. மரம் ஒருவருடையது, பாடு மற்றொருவருடையது. தவணை தவறினால் வெளியேற வேண்டியதுதான். இப்போது சேர்வராயன் மலைக்கும் ஏறி வந்திருக்கிற புதுக் குத்தகையில் மரமும் இல்லை, மண்ணும் இல்லை. குத்தகைக்கு வருவது ஒரு பெயர் மட்டுமே. இதைப் பிரான்சைஸ் என்கிறார்கள்.

பிரபலமான கம்பெனியின் பெயரில் ஒரு கடை வைப்பது எளிய சங்கதி. பல கடைகளுக்கான அபிவிருத்தி உடன்படிக்கையோ வேறு ஜாதி. நம்மிடம் படித்த ஏற்காட்டு இளைஞர் ஒருவர் அத்தகைய தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சேலமும் மலையும் சேர்ந்த பிராந்தியம் முழுவதும் அவருக்கே. பதிலுக்கு மூன்று வருஷத்தில் ஐந்து கடை திறந்தாக வேண்டும். திறவாத கடைகளுக்கும் சேர்த்து முன்பணம். அதற்காகப் பரம்பரைக் காப்பித் தோட்டத்தை அடமானம் வைக்கத் தயாராயிருந்தார்.

"அவருக்கே" என்ற சொல்லில் மயங்குகிறவர்கள் பின்னாலுள்ள அட்டவணையைப் படிப்பதில்லை. உடன்படிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது கடை கெடுவுக்குள் திறக்காவிட்டால் பிராந்திய உரிமை போகலாம், முன்பணமும் திரும்பாது. திறந்த இரண்டு கடைகளுக்கு எதிரிலேயே கம்பெனி வேறொருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கலாம். அந்த இரண்டையும்கூடப் பறிக்கிற ஷரத்துகள் உண்டு.

ஏற்காட்டின் கணக்கைப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கூட்டம் வருவது கோடையிலும், சனி ஞாயிறுகளிலும். ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏரிக்கரையில் யார் இருப்பார்கள்? படகுகள்தாம்! வாடகையும் சம்பளமும் அன்றும் உண்டு. கம்பெனியின் பங்கோ லாபத்திலிருந்து அல்ல, விற்பனையிலிருந்தே போகும். நஷ்டமான மாதத்திலும் போகும். காப்பிச் செடிகூடப் பலன் தர மூன்று நான்கு வருஷம் கேட்கிறது. அட்டவணை அவ்வளவு பொறுப்பதில்லை.

பெரிய மனிதர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அமெரிக்க மக்டொனால்ட்ஸ் கம்பெனியும் டில்லி விக்ரம் பக்ஷியும் 1995-இல் சரிபாதிக் கூட்டுச் சேர்ந்து, வடக்கிலும் கிழக்கிலும் கடைகளைப் பரப்பினார்கள். 2013-இல் தகராறு மூண்டது. 2017 ஆகஸ்டில் 169 கடைகளின் பிரான்சைஸைக் கம்பெனி ரத்துச் செய்தது. வழக்குகளுக்குப் பின், 2019-இல் பக்ஷி தம் பங்கைக் கம்பெனிக்கே விற்று விலகினார். கூட்டில் பாதி அவருடையது. பெயரில் அவருக்குப் பங்கில்லை.

இந்த வியாபாரத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் வருஷத்து வர்த்தகக் குறிச் சட்டமும் போன்ற பொதுச் சட்டங்களே துணை. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்னதாகவே கம்பெனி தன் விவரங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கே நாமே கேட்டு வாங்க வேண்டும். வக்கீலிடமும் காட்ட வேண்டும்.

அந்த இளைஞரிடம் மூன்று திருத்தங்கள் கேட்கச் சொன்னோம். ஒரு கடை பிந்தினால் மற்றவை பறிபோகக் கூடாது. கெடுவை ஒரு முறையாவது நீட்டித் தர வேண்டும். மலைக் கடை அட்டவணையின் கடைசியில், ஒரு கோடைக்கு முன்பாக வர வேண்டும். முதல் இரண்டுக்கும் கம்பெனி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறதாம். தோட்டத்துப் பத்திரம் இன்னும் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.