கட்டுண்ட சிங்கங்கள்

அச்சமே அறியாதார் இவ்வுலகில் இலர். மாணாக்கர்க்குப் பரீட்சையைப் பற்றிய அச்சம். பட்டம் பெற்றார்க்கு உத்தியோகத்தைப் பற்றிய அச்சம். பெற்றோர்க்கோ கடன், நோய், மக்களின் எதிர்காலம் என்னும் இவற்றைப் பற்றிய ஓயாக் கவலை. பகலில் ஒளிந்திருக்கும் இவை, விளக்கை அணைத்துப் படுத்த பின்னர் விழித்தெழுகின்றன. இவ்வாறு வருந்துவோரை நோக்கி, “உனக்கு விசுவாசம் போதாது” என்று கூறிவிடுதல் நம்மவருட் சிலர்க்கு வழக்கமாயிருக்கின்றது. இது தவறான போதனை என்பதே நம் துணிபு. ஏற்கெனவே பாரஞ் சுமப்பவன் தோளில் மற்றொரு பாரத்தை ஏற்றுவதன்றி இதனால் விளையும் பயன் யாது? கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே வியாகுலமுற்றாரன்றோ? அதனை அவிசுவாசம் என்பார் யாவர்?

பாத்திரஞ் செப்பனிடும் எளிய தொழிலாளியாகிய ஜான் பனியன், அரசாங்கத்தின் தடையை மீறிப் பிரசங்கித்தமையால், 1660-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருப்பின் விடுதலை பெற்றிருப்பார். சிறையினும் மிகுதியாக அவரை வருத்தியது, கண்பார்வையற்ற தம் மூத்த மகளைப் பற்றிய கவலையே. அக்கவலையை அவர் மறைத்தாரல்லர். 1666-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் வெளிப்படையாக எழுதினார். ஆயினும் கவலையோடு வாளா இருந்தாருமல்லர். சிறையிலிருந்தே இழைக் கயிறுகளுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்திற்கு உதவினார்.

அவர் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தில் இரு சிங்கங்கள் வருகின்றன. அவற்றைக் கண்டு இருவர் புறங்காட்டி ஓடினர். சிங்கங்கள் சங்கிலியால் கட்டுண்டவை, பாதையின் நடுவே நடந்தால் தீங்கில்லை என்று வாயில் காப்போன் கூற, கிறிஸ்தியான் நடந்தான், நடுங்கிக்கொண்டே நடந்தான். இந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்னுங் காவியத்தை நமக்கு அளித்தார்.

அந்நடுக்கத்தை நாம் கருதுதல் வேண்டும். விசுவாசம் நடுக்கத்தை ஒழித்த பின்னர் நடப்பதன்று. நடுங்குங் கால்களோடு நடப்பது. சிங்கங்கள் இல்லையென்று அது பொய் கூறுவதுமில்லை. பரீட்சையில் தோல்வி வரலாம், வேலை கிடையாதொழியலாம். ஆயினும் அவை சங்கிலியின் நீளத்திற்கு அப்பால் வரமாட்டா. நம்மைத் தேவனுடைய அன்பினின்று பிரிக்க அவற்றிற்கு வலிமையில்லை. தோல்வியுற்ற மாணாக்கனும் அவர் திருமுன் பிள்ளையே.

பாதையின் நடு என்பது இன்றைய கடமையாம். இன்று படிக்க வேண்டிய பாடம், இன்று எழுத வேண்டிய கடிதம், இன்று செய்ய வேண்டிய ஜெபம்: இவற்றைச் செய்து, நாளையைத் தேவனிடம் ஒப்புவிப்போமாக. உள்ளச்சத்தை ஒரு நண்பரிடமேனும் ஆசிரியரிடமேனும் திறந்து கூறுவோமாக. நோயாய் முற்றிய அச்சத்திற்கு மருத்துவரை நாடுதலும் அவிசுவாசமன்று. நம்மிடம் ஒருவர் தம் அச்சத்தைக் கூறுவாராயின், அவரைக் கடிந்துகொள்ளாது, அவ்வாயில் காப்போனைப் போலச் சங்கிலியைச் சுட்டிக் காட்டுவோமாக. கூடுமாயின் சிறிது தூரம் உடன் நடப்போமாக.