யாருக்காகச் செய்கிறோம்?



ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கண்டி டவுனைப் பார்த்திருப்பீர்கள். பூசை முடிந்து வருகிறவர்கள், ஆராதனை முடிந்து வருகிறவர்கள், வேதாகமத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்க பேக்கரி வாசலில் நிற்கிறவர்கள் என்று ஒரே கூட்டம். எல்லார் முகத்திலும் ஓர் அமைதி.

அதே முகங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எப்படி இருக்கின்றன? “கோவிலுக்குப் போயிட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள சண்டையா?” என்ற கேள்வி எழாத கிறிஸ்தவ வீடு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

நம் பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பமும் எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பமும் கவனிக்கின்றன. கிறிஸ்துவை நம்புகிறவன் புது மனிதன் ஆகிறான் என்று மேடை போட்டுச் சொல்கிறோமே, அந்த மாற்றம் எங்கே தெரிகிறது?

“அவர் குடியை விட்டுட்டார்”, “சம்பளக் காசை முழுசா வீட்டுக்குக் கொண்டு வர்றார்” என்று சாட்சி சொல்வார்கள். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தோட்டத்து லயங்களில் எத்தனையோ தாய்மாருக்கு இதுதான் பெரிய விடுதலை. ஆனால் பழக்கம் மாறியும் மனிதன் மாறாமல் இருக்கலாம். நேற்று குடித்ததைப் பெருமையாகப் பேசியவர் இன்று உபவாசம் இருந்ததைப் பெருமையாகப் பேசினால், மாறியது பேச்சின் பொருள் மட்டும்தானே? ஒரு காரியத்தை எதற்காக, யாருக்காகச் செய்கிறோம் என்ற இடத்தை விசுவாசம் தொட்டதா என்பதுதான் உண்மையான கேள்வி.

இதற்குப் பதில் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கண்டியே அதைக் கண்ணால் பார்த்த ஊர்.

புனித யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு கோவாவில், கொங்கணி பிராமணக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். படித்த குருவானவர். ஊரிலேயே மரியாதையோடு வாழ்ந்திருக்கலாம். அந்த நாளில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. கத்தோலிக்கக் குருமாருக்கு நாட்டுக்குள் நுழையவே தடை. குரு இல்லாமல் தவிக்கும் மக்களைத் தேடி 1687இல் கூலியாள் வேஷத்தில் அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு பிச்சைக்காரர் போல வீடு வீடாகப் போவார். அந்த ஜெபமாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மலர்கிறதோ, அது கத்தோலிக்க வீடு என்று தெரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பலர் உத்தியோகத்துக்காகவும் காணிக்காகவும் பெயரைப் பதிந்துகொண்டார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், பதிந்தவர்களில் ஏராளமானோர் சத்தமில்லாமல் விலகிப் போனார்கள். எதற்காக வந்தார்களோ அது இல்லாமல் போனபின் அங்கே நிற்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஒரே தீவு, ஒரே காலம். ஒரு பக்கம் லாபத்துக்காக நம்பியவர்கள். மறு பக்கம் நஷ்டம் என்று தெரிந்தே நம்பியவர்கள்.

1692இல் யோசப் வாஸ் கண்டிக்கு வந்தார். கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகித்து அடைத்து வைத்தார்கள். நாளடைவில் அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அவர் யார் என்று புரிந்தது, கட்டுக்காவலும் தளர்ந்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அன்று தடுப்பூசி கிடையாது. எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் அதைச் செய்து காட்ட இன்னும் சுமார் நூறு ஆண்டுகள் இருந்தன. நோய் கண்டவரைச் சொந்தக்காரரே விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் யோசப் வாஸும், அவருடைய உறவினரான யோசப் கர்வாலோ அடிகளும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆளில்லாமல் கிடந்த வீடுகளை ஆஸ்பத்திரியாக்கினார்கள். புண்ணைக் கழுவினார்கள், சோறு ஊட்டினார்கள், இறந்தவர்களைத் தங்கள் கையால் அடக்கம் செய்தார்கள். என்ன மதம் என்று கேட்டு மருந்து கொடுக்கவில்லை.

தன்னை ஒற்றன் என்று அடைத்து வைத்த ஊர் அது. ‘நமக்கென்ன’ என்று போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? பழி தீர்க்கவும் இல்லை, பதிலுக்கு எதையும் கேட்கவும் இல்லை. பின்னாளில் ஆயர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1711 ஜனவரி 16ஆம் திகதி இதே கண்டியில் கண்ணை மூடினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கதையின் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. அவருக்கு இங்கே இடம் கொடுத்தவன் பௌத்த அரசன். அற்றுப்போயிருந்த உபசம்பதா என்ற பிக்குமாரின் உயர் துறவறச் சடங்கைத் திரும்பக் கொண்டுவர அரக்கானிலிருந்து பிக்குகளை அழைத்துவந்த, தன் மதத்தில் உறுதியான அரசன் அவன். நல்லதைக் கண்டுகொள்ளும் கண் ஒரு மதத்தாருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

பெரியம்மைக் காலம் நமக்கு அந்நியமானதல்ல. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் கண்டிக்குப் பக்கத்து அக்குறணை மூடப்பட்டது நினைவிருக்கிறதா? பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டியதும், அந்த வீட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். பால்மாவும் பருப்பும் வாங்கி வாசலில் வைத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களும் இருந்தார்கள். நாம் எந்தப் பக்கம் இருந்தோம் என்பது அவரவர் மனசுக்குத் தெரியும்.

யாருக்காக என்ற அதே கேள்வியை ஓவியமாக வைத்திருக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? நம் நாட்டுக் கட்டடக்கலையில், செதுக்கிய கருங்கல் தூண்களோடு நிற்கும் ஆலயம். உள்ளே டேவிட் பேன்டர் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. சீடர்களின் கால்களை இயேசு கழுவுவது ஒன்று, நல்ல சமாரியன் இன்னொன்று. எல்லாரும் பார்க்க வேண்டியது 1928இல் வரைந்த முதல் ஓவியம். செபதேயுவின் மனைவி தன் இரண்டு பிள்ளைகளோடு இயேசுவின் முன்னால் நிற்கிறாள். உம்முடைய ராஜ்யத்தில் ஒருவனுக்கு வலப்பக்கமும் மற்றவனுக்கு இடப்பக்கமும் இடம் தாரும் என்று கேட்க வந்திருக்கிறாள்.

இந்தத் தாயை நமக்குத் தெரியாதா? ஏ.எல். ரிசல்ட் வரும் வாரத்தில் நம் வீட்டு அடுப்படியிலேயே நிற்பவள் அல்லவா அவள்? “என் மகன் பேராதனை மெடிக்கலுக்குப் போகணும்” என்று மெழுகுவர்த்தி கொளுத்தாத அம்மா யார்? பிள்ளைக்காக ஜெபிப்பது நல்லது. ஆனால் அவன் நாளைக்கு நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுகிற டாக்டராக வர வேண்டும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? இல்லை, சொந்தக்காரர் முன்னால் நம் தலை நிமிர வேண்டும் என்பதுதான் அடியில் கிடக்கிற ஆசையா? இயேசு அந்தத் தாயைத் திட்டி அனுப்பவில்லை. தாம் படப்போகும் பாட்டைப் பிள்ளைகள் தாங்குவார்களா என்று திருப்பிக் கேட்டார். பெரியவனாக விரும்புகிறவன் மற்றவர்களுக்கு ஊழியம் செய்யட்டும் என்று சீடர்களுக்குச் சொன்னார். ஆசையை அவர் அணைக்கவில்லை, திசையை மாற்றிவிட்டார்.

அப்படித் திசை மாறிய வாழ்க்கையை நம் காலத்திலும் கண்டி பார்த்திருக்கிறது. இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் 1972இல் இங்கே ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கினார். நாடற்றவர்களாகவும் பட்டினியோடும் தோட்டத் தொழிலாளர் தவித்த காலம் அது. அவர்களைப் பற்றிப் பேசுவதால் நகரத்தில் யாருக்கும் நல்ல பெயர் கிடைக்காது. அவரோ சிங்களவரையும் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மலையகத் தமிழரின் உரிமைக்காக எழுதினார், பேசினார். 2017இல் காலமாகும் வரை அந்தப் பாதையை அவர் விடவில்லை.

“அவங்கெல்லாம் சாமியார்கள். நமக்கு வீடு இருக்கு, லோன் இருக்கு, பிள்ளைகளின் டியூசன் இருக்கு” என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் நோக்கம் சோதிக்கப்படும் இடம் வீடும் வேலைத்தலமும்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை விசுவாசி என்றால், பெண்களின் கூடையிலிருந்து அநியாயமாகக் கழிபடும் கிலோ அவர் மனசை உறுத்த வேண்டும். டியூசன் மாஸ்டர் விசுவாசி என்றால், காசு கட்ட முடியாத பிள்ளைக்குப் பின் வாங்கில் இடம் ஒதுக்க மாட்டார். நத்தாருக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம். வாங்குகிறவரின் முகத்தை ஃபேஸ்புக்கில் போடாமல் கொடுக்க நம்மால் முடியுமா?

படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளை எடுத்துக்கொள்ளுங்கள். “ஊர் என்ன சொல்லும்” என்ற பயத்தில் செய்தால் ஒவ்வொரு நாளும் அவளுக்கு எரிச்சல்தான். அன்பினால் செய்தால் உடம்பு களைத்தாலும் மனசு கசக்காது. ஆனால் கணவன்மாரே, “அவளுக்கு விசுவாசம் இருக்கு, பார்த்துக்குவா” என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்க உட்காராதீர்கள். விசுவாசம் உங்களுக்கும் இருந்தால் அம்மாவின் படுக்கை விரிப்பை நீங்களும் துவைக்கலாம்.

நம்மில் பலர் ஆண்டவரோடும் கடைத்தெரு பேரம்தான் பேசுகிறோம். வேலை கிடைத்தால் இவ்வளவு காணிக்கை, விசா வந்தால் இந்த நேர்த்தி. துன்பத்தில் கேட்பது மனித இயல்பு, அதில் பாவம் இல்லை. ஆனால் கேட்டது கிடைக்காத வருடமும் பக்கத்து வீட்டாரோடு அன்பாக இருக்கிறோமா என்பதில்தான் நம் விசுவாசத்தின் தரம் தெரியும்.

இந்த மாற்றம் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கியதும் முழுசாக வந்துவிடாது. நல்லது செய்யும்போதும் உள்ளே ஒரு மூலையில் ‘யாராவது பார்க்கிறார்களா’ என்று தேடும் கண் இருக்கத்தான் செய்யும். அதற்காக மனம் சோர வேண்டாம், செய்கிற நன்மையை நிறுத்தவும் வேண்டாம். கலப்படமான நோக்கத்தோடாவது கொடுத்த சோறு பசித்தவன் வயிற்றை நிரப்பும். கொடுத்துக்கொண்டே இருங்கள், மனசைச் சுத்தம் பண்ணச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்வோமா? நம் லயத்தில், நம் தெருவில் யாரும் எட்டிப் பார்க்காத நோயாளி ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் எந்த மதமாக இருந்தாலும் சரி, போய்ப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போங்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். திரும்பி வந்தபின் யாரிடமும் சொல்லாதீர்கள், எங்களுக்கும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்