மேசையும் ஒரு சுவடியே

பழைய மரத் தளபாடங்களை வீட்டிலேயே செப்பஞ் செய்துகொள்ளும் ஆர்வத்தை இந்நாளில் நம்மவரிடையே கண்டு மகிழ்கின்றேன். ஆயினும், அவ்வார்வத்தோடு கலந்து வரும் பிழையொன்றைச் சுட்டாதிருத்தல் இயலவில்லை. பழையதைப் புதியதாகக் காட்டுவதே செப்பஞ் செய்தல் எனப் பலர் கருதுகின்றனர். அது செப்பமன்று, அழிப்பேயாம்.

என் தந்தையார் இருந்து எழுதிய வேப்பமர மேசையொன்று எங்கள் இல்லத்தில் உளது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அதனை விட்டுச் சென்றோம். மறு ஆண்டு மீண்டு வந்தபோது அது ஒரு காலின்றிச் சாய்ந்து கிடந்தது. அக்கால் எவர் அடுப்பில் எரிந்ததோ, அறியேன். ஒரு பிடி அரிசியை அது வேகவைத்திருக்குமாயின் வருந்தேன். பல்லாண்டுகள் செங்கற்களே அம்மேசையைத் தாங்கின. சென்ற விடுமுறையிலேதான் அதனைச் செப்பஞ் செய்யத் துணிந்தேன்.

பழைய தச்சர் மரப்பொருத்துகளை வச்சிரப் பசையால் ஒட்டினர். வெந்நீர் படின் அப்பசை நெகிழும். ஆதலின், ஆணியடித்து இறுக்காது, பொருத்தைக் கழற்றித் துடைத்து மீள ஒட்டுதலே முறை. பழைய வர்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். உலர்வாகத் தேய்த்தால் எழுந்த தூசு குழந்தைகளுக்கு நஞ்சாகும். நனைத்தே சுரண்டுதல் வேண்டும். மணற்கடதாசியை மர இரேகையின் வழியே செலுத்துக. குறுக்கே செலுத்தின் வடு நிலைத்துவிடும்.

இவ்வளவும் அறிந்த யானும் தவறினேன். மேற்பலகையில் வட்டமாயிருந்த மைக்கறையைத் தேய்த்து அகற்றலானேன். பாதி வட்டம் மறைந்த பின்னரே, அது தந்தையாரின் மைக்கூடு இருந்த இடமென்பது நினைவில் எழுந்தது. கை தானாகவே நின்றது. மற்றைப் பாதி இன்றும் உளது.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அக்காலத்து ஏடுகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தமையை அவர் பதிப்புரையில் வருந்தி எழுதினார். ஏட்டைச் செப்பஞ் செய்வோர்க்குரிய அறம் யாது? உள்ளதைக் காத்தல், இல்லாததைப் புனையாமை. எழுத்துச் சிதைந்தவிடத்தை நல்ல பதிப்பாசிரியர் தம் சொல்லால் நிரப்பார், புள்ளியிட்டுக் காட்டுவர். மரத்துக்கும் இவ்வறமே பொருந்தும்.

தச்சாசாரியார் ஒருவர் பலாமரத்தில் புதுக்கால் கடைந்து தந்தார். “சாயம் பூசி மற்றக் கால்களைப் போலாக்கி விடட்டோ, ஐயா?” என வினவினார். வேண்டாமென்றேன். அம்மஞ்சட் காலே எம் மேசையின் புள்ளிக்கோடு.

பெட்டகத்தைப் புத்தக அலுமாரியாக்குவதும், உடைந்த கட்டிற் சட்டத்தை வாங்காக்குவதும் குற்றமல்ல. பயன்படும் பொருளே நிலைத்திருக்கும். ஆனால், அது முன்பு யாதாயிருந்தது என்பதைக் காண்போர் உணருமாறு செய்க. விலை பேச வருவோரிடம் கொடுத்துவிடுமுன் ஒருமுறை தூசு தட்டிப் பார்க்க.

இன்று அம்மேசையிலிருந்து என் மாணாக்கர் எழுதுகின்றனர். ஒரு கால் மட்டும் மஞ்சளாயிருப்பதேன் என்று அவர்கள் வினவுகின்றனர். யானும் 1995ஆம் ஆண்டின் கதையைச் சொல்லத் தொடங்குகின்றேன்.