எந்த அந்நிய நாட்டுக்கு?

ஒரு மனிதன் பிறந்த ஊரைவிட்டு அந்நிய தேசம் போவானேயானால், அங்குள்ள சோற்றுக்கும், தண்ணீருக்கும், வெயிலுக்கும், பாஷைக்கும் பழகித்தான் தீரவேண்டும். இதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. ஆனால் அவன் எதற்காகப் போனான், போன இடத்தில் எதற்குப் பழகிக்கொண்டான், எதற்குப் பழக மறுத்தான் என்பவைதான் அறிவுள்ளவர்கள் கவனிக்கவேண்டிய விஷயங்களாகும்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் சிலமலையிலிருந்து பிழைப்புக்காகச் சிங்கப்பூர் சென்று திரும்பிய ஒரு தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே வெள்ளைச் சட்டையும், கழுத்துப் பட்டையும், மார்பில் பெயர்ச் சீட்டுமாக இரண்டிரண்டு பேராக வீடு வீடாய்ப் போகும் அமெரிக்கப் பையன்களைக் கண்டாராம். பத்தொன்பது வயதுகூடத் தாண்டாத அந்தப் பிள்ளைகள் "மார்மன்" என்னும் கிறிஸ்தவக் கூட்டத்துப் போதகர்களாம். கதவைச் சாத்தினாலும் முகம் சுளிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போகிறார்களாம். "இவர்களுடைய தியாகத்தில் பத்தில் ஒரு பங்காவது நம் இயக்கத்து வாலிபர்களுக்கு உண்டா? இப்படிப்பட்டவர்கள் நம் ஊருக்கு வந்தால் நாம் எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்கிறார். இரண்டும் நல்ல கேள்விகளே. இரண்டுக்கும் நமக்குத் தோன்றியதைச் சொல்லுகிறோம்.

முதலில் இந்தக் கூட்டத்தார் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இவர்கள் சபைக்குப் பெயர். 1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் இதை ஏற்படுத்தினார். ஒரு தேவதூதன் காட்டிய இடத்தில் பொன் தகடுகளைத் தோண்டி எடுத்ததாகவும், அவற்றைத் தெய்வ சக்தியால் மொழிபெயர்த்ததாகவும், பிறகு தேவதூதனே தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதாகவும் அவர் சொன்னார். ஆதாரம் எங்கே என்று கேட்டால், ஆகாயத்தில் இருக்கிறது என்பதுதான் பதில். நம் நாட்டுப் புராணக்காரர்கள் சொல்லும் பதிலும் இதுதான் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சபையில் ஆண் பிள்ளைகள் இரண்டு வருஷமும், பெண் பிள்ளைகள் ஒன்றரை வருஷமும் போதக ஊழியம் செய்கிறார்கள். பையன்களுக்குப் பத்தொன்பது என்று இருந்த வயதுக் கணக்கை 2012-ல் பதினெட்டாகவும், பெண்களுக்கு இருபத்தொன்று என்று இருந்ததைப் பத்தொன்பதாகவும் குறைத்தார்கள். எந்தத் தேசத்துக்குப் போவது என்பதைச் சபைத் தலைமைதான் தீர்மானிக்கும். பிள்ளைக்கு அதில் இஷ்டம் இல்லை. சம்பளமும் கிடையாது. அமெரிக்கா போன்ற தேசங்களின் பிள்ளைகளுக்கு மாதம் 400 டாலராக இருந்த செலவுக் கட்டணம் 2020 ஜூலை முதல் 500 டாலராயிற்று. இதைப் பிள்ளையோ குடும்பமோ கட்டவேண்டும். தாய் தகப்பனோடு போனில் பேசுவதுகூட வருஷத்துக்கு இரண்டு தடவைதான் என்று வெகுகாலம் சட்டம் இருந்தது. 2019-ல்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விட்டார்கள்.

இப்படி வந்து சேர்ந்த பையன் படும் பாட்டை நாம் பரிகாசம் செய்யப் போவதில்லை. வாயில் நுழையாத பாஷை, வயிற்றுக்கு ஒத்துவராத ஆகாரம், வியர்வை, தனிமை, நாள் முழுவதும் சாத்தப்படும் கதவுகள் இவற்றையெல்லாம் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை சகித்துக்கொள்ளுகிறான். இவர்கள் மதத்தில் டீயும் காப்பியும் விலக்கு. ஆகையால் நம்மவர் வீட்டில் அன்போடு கொடுக்கும் ஒரு தம்ளர் டீயையும் வேண்டாமென்று சொல்லி, வீட்டுக்காரர் மனம் கோணாமல் திரும்பவேண்டிய சங்கடம் வேறு. இவ்வளவும் உண்மை. உழைப்பு உழைப்புதான், அதை எதிரி செய்தாலும் நாம் மறுக்கமாட்டோம்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். நமக்கு எழுதிய சிலமலைத் தோழரும் அதே வயதில்தானே அந்த அந்நிய தேசத்துக்குப் போனார்? அவருக்கு மட்டும் தனிமை இல்லையா? அவர் பாஷை பழகவில்லையா? அமெரிக்கப் பையனுக்கு வீட்டிலிருந்து பணம் வருகிறது. நம் தோழரோ வீட்டுக்குப் பணம் அனுப்பினார். இரண்டு வருஷம் முடிந்ததும் அந்தப் பையன் ஊர் திரும்பினால் சபை முழுவதும் கூடி வரவேற்கிறது. நம் தோழர் திரும்பியபோது கடன்காரன்தானே வாசலில் காத்திருந்திருப்பான்? ஆகாயத்தில் உள்ள கடவுளுக்காகக் கஷ்டப்பட்டால் தியாகம், அடுப்பில் உலை வைப்பதற்காகக் கஷ்டப்பட்டால் வெறும் கூலி என்று நினைக்கும்படி நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கூலிக்காரனுடைய கஷ்டத்துக்கு மரியாதை கொடுக்காத தேசம், மதக்காரனுடைய கஷ்டத்தைக் கண்டு கண்ணீர் விடுவது அடிமைப் புத்தி என்றே சொல்லுவோம்.

நிற்க, அந்தப் பையன் வெயிலுக்குப் பழகுவது பெரிய காரியம் அல்ல. அவன் கேள்வி கேளாமல் இருப்பதற்குப் பழகுகிறானே, அதுதான் நம் மனதுக்கு வருத்தம் தருகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு "மூப்பர்" என்று பொருள்படும் "எல்டர்" என்ற பட்டத்தைச் சூட்டி, எந்த நேரமும் கூட ஒரு துணையைப் போட்டு, விடிந்ததும் வேதபாடம் படிக்கவைத்து அனுப்புகிறார்கள். பிறர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல அவனுக்குப் பயிற்சி உண்டு. தானே ஒரு கேள்வி கேட்பதற்குப் பயிற்சி உண்டா? அந்நிய தேசம் என்பது ஒரு பெரிய பள்ளிக்கூடம். தன் கடவுளை நம்புவதுபோலவே அங்குள்ளவனும் தன் கடவுளை உறுதியாக நம்புகிறான் என்று கண்ணால் கண்ட வாலிபனுக்கு, "அப்படியானால் இரண்டில் எது மெய், இரண்டும் பொய்யாக இருக்கலாகாதா?" என்ற சந்தேகம் பிறக்கவேண்டாமா? அந்தச் சந்தேகம் பிறக்காமல் காப்பதற்குத்தான் இவ்வளவு கட்டுப்பாடும் என்று நாம் நினைக்கிறோம்.

பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் 1931 டிசம்பரில் புறப்பட்டு 1932 நவம்பர் வரையில் ஐரோப்பாவையும் சோவியத் ரஷியாவையும் சுற்றி வந்தார்கள். யாருக்கும் மோட்சம் காட்டுவதற்காக அவர்கள் போகவில்லை. ஜனங்கள் எப்படி வாழுகிறார்கள், கடவுள் இல்லாமல் ஒரு ராஜ்யம் நடக்குமா என்று கண்டறியப் போனார்கள். ஒருவர் கேள்வியோடு போனார்; மற்றவர்கள் பதிலோடு வருகிறார்கள். வித்தியாசம் இவ்வளவுதான்.

கேள்வி கேளாமையின் பலனுக்கு ஒரு அத்தாட்சி சொல்லுகிறோம். ஆப்பிரிக்க வம்சத்துக் கறுப்பு மனிதன் இந்தச் சபையில் சேரலாம், காணிக்கை கொடுக்கலாம். ஆனால் குருத்துவப் பட்டம் பெறக்கூடாது என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு விதி இருந்தது. சபையில் மற்ற ஆண்களுக்கெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும் பட்டம் அது. 1978 ஜூன் மாதத்தில் கடவுள் புதிதாக ஒரு வெளிப்பாடு கொடுத்தார் என்று சொல்லி அந்த விதியை எடுத்தார்கள். எடுத்தது நல்லதே. ஆனால் 1977-ல் வந்த போதகப் பையன் அந்த விதியைக் கடவுள் கட்டளை என்றுதானே சொல்லியிருப்பான்? 1979-ல் வந்தவன் அது நீங்கியதும் கடவுள் கட்டளை என்று சொல்லியிருப்பான். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் அடிபட்டும் சிறைபட்டும் உரிமைச் சட்டம் வாங்கியது 1964-ல். கடவுளுக்கு அந்தச் சேதி எட்டப் பதினாலு வருஷம் பிடித்தது போலும்! மனிதன் போராடி வாங்கிய நியாயத்துக்குக் கடவுள் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறார். எல்லா மதத்திலும் இதுதான் நடைமுறை.

இந்தச் சபையார் நம் நாட்டுக்குப் புதியவர்கள் என்று யாரும் எண்ணவேண்டாம். 1853-லேயே ஒரு கூட்டம் கப்பலேறிக் கல்கத்தாவில் வந்து இறங்கிற்று. அவர்களில் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் சென்னைக்கு வந்து பிரசாரம் செய்தார். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே சேர்ந்தார்கள். சில வருஷங்களில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். பிற்காலத்தில் மறுபடி தலையெடுத்து, 1993-ல் பெங்களூரில் தனி மிஷன் ஏற்படுத்தினார்கள்.

நம் மதுரைச் சீமைக்கு அந்நிய நாட்டு இளம் போதகர் வருவதும் புதிதல்ல. 1606-ல் ராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. அந்நிய நாட்டில் பழகிக்கொள்வதில் அவரை மிஞ்சியவர் இல்லை. தமிழ் கற்றார், தெலுங்கு கற்றார், சமஸ்கிருதம் கற்றார், மாமிசத்தை விட்டார், காவி கட்டினார், தத்துவ போதகர் என்று பெயரும் வைத்துக்கொண்டார். இவ்வளவோடு நின்றிருந்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை. பூணூலும் போட்டுக்கொண்டார். பரதவர்களுக்கென்று இருந்த பழைய கோவிலை விட்டு விலகி, மேல்ஜாதியாருக்கென்று தனிக் கோவில் வைத்தார். 1623-ல் ரோமாபுரியில் இருந்த போப்பாண்டவரும் பூணூலுக்கு அனுமதி கொடுத்தார். பிற்பாடு கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவர்களுக்குப் "பண்டாரசாமிகள்" என்று வேறு பாதிரிமார்களையே ஏற்படுத்தினார்கள். கிறிஸ்து ஒருவர், பந்தி இரண்டு! அவர் நம் நாட்டுக்குப் பழகவில்லை. நம் நாட்டின் வியாதிக்குப் பழகினார்.

பின்னால் 1834-ல் அமெரிக்க மிஷன்காரர்கள் மதுரைக்கு வந்தார்கள். நம் பெரியகுளத்திலும் அவர்கள் ஸ்தாபனம் இருந்தது. அவர்கள் 1847-ல் ஜாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் கூடி உண்ணவேண்டும் என்று தங்கள் உபதேசியார்களுக்கு உத்தரவிட்டார்கள். மறுத்தவர்கள் பலர் விலக்கப்பட்டார்கள். சபை குறைந்துபோகும் என்று தெரிந்தும் செய்த அந்தக் காரியத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் ஜாதி போயிற்றா? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் ஜாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்த சுவர் 1910 வரையில் நின்றது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிணத்தைத் தனியே ஒதுக்கச் சுவர் எழுப்பியது இன்றைய ஜனங்களும் அறிந்த சங்கதி. செத்த பிறகும் தீட்டு!

கிறிஸ்தவர்கள் நன்றாக அகப்பட்டார்கள் என்று சனாதனிகள் சிரிக்கவேண்டாம். அந்தப் பூணூல் ரோமாபுரியிலிருந்து வரவில்லை. அந்தச் சுவருக்குச் செங்கல் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. எல்லாம் உங்கள் வீட்டுச் சரக்கு. வந்தவன் வாங்கிக்கொண்டான் என்பது அவன் குற்றம், விற்றவன் நீங்கள்.

ஆகவே, இப்படிப்பட்ட பையன் நம் ஊருக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விக்குப் பதில் சுலபமானது. அவனை விரட்டவேண்டாம், வசைமொழி வேண்டாம், கல்லெறிவது கயவர் வேலை. பிரசாரத்தைச் சட்டத்தால் அடக்கவேண்டும் என்பதும் நம் கொள்கையல்ல. 2002-ல் நம் மாகாணத்தில் மதமாற்றத் தடைக்கு ஒரு அவசரச் சட்டம் போட்டார்கள். 2004-ல் அதை எடுத்தும்விட்டார்கள். ஒருவன் வாயை அடைத்தால் நாளை நம் வாயையும் அடைப்பான். வந்த பிள்ளைக்கு நாற்காலி போடுங்கள், தண்ணீர் கொடுங்கள், டீ வேண்டாமென்றால் வருத்தப்படாதீர்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். தகடுகளை யார் பார்த்தது? 1978-க்கு முந்திய கடவுள் சரியா, பிந்திய கடவுள் சரியா? நம் டீக்கடைகளில் இரண்டு தினுசுக் குவளை வைத்திருந்தால் அதைப்பற்றி உன் சபை என்ன சொல்லும்? இதே கேள்விகளை நம் ஊர்ப் பூசாரியிடமும், மௌல்வியிடமும், பாதிரியாரிடமும் அளவு குறையாமல் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது பகுத்தறிவு ஆகாது, பகையாகும்.

இனி நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை இரண்டு வருஷம் கேட்கவில்லை. கடல் தாண்டச் சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்கிறோம். போடியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் விடியும் முன்னே ஜீப்புகளில் நெருக்கி அடைக்கப்பட்டு மலையேறி, கேரள எல்லைக்குள் உள்ள ஏலத்தோட்டங்களில் கூலிவேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு வீடு சேரும் பெண்மக்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அவர்கள் பறிக்கும் காய்க்கு ஏலத்தில் கிலோவுக்கு என்ன விலை போகிறது என்று வியாபாரிக்குத் தெரியும். உங்களில் எத்தனை பேர் அந்தப் பெண்களின் தெருவுக்குப் போய், அவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று விசாரித்திருக்கிறீர்கள்? அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்களா? அங்கே ஒரு வாய் சோறு வாங்கி உண்டிருக்கிறீர்களா?

மேல்தெருவில் பிறந்தவனுக்குச் சிங்கப்பூர் அந்நிய நாடல்ல. அங்கே மாமன் மச்சான் இருக்கிறார்கள். அமெரிக்காவும் அந்நிய நாடல்ல. அங்கே போக ஆசை இருக்கிறது. இரண்டு பர்லாங் தூரத்தில் இருக்கும் சேரிதான் அவன் பிறந்தது முதல் காலடி வைக்காத அந்நிய நாடு. அந்த நாட்டுக்குப் போகக் கப்பல் வேண்டாம், சீட்டு வேண்டாம், தேவதூதன் வழிகாட்டவும் வேண்டாம். அங்குள்ள சோற்றுக்குப் பழகுங்கள். அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர்களுக்குப் போதிக்கப் போகாமல் அவர்களோடு சரிசமமாக உட்காரப் போங்கள். பழகக்கூடாதது ஜாதி ஒன்றுதான். மற்றதெல்லாம் நாலு நாளில் பழகிப்போகும்.