ஒலி ஒத்தால் உறவாகுமா?

கொரிய நாட்டுத் தொடர்கள் கைப்பேசி வழியே சிற்றூர்களிலும் புகுந்துவிட்ட இக்காலத்தில், இலத்தூர்த் தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து, "அங்கயும் அப்பாவ அப்பான்னுதான் கூப்பிடுதாங்க அண்ணாச்சி, கொரியாக்காரன் நம்ம ஆளுதான்" என்று சத்தியம் செய்கிறவர்களைக் காண்பது அபூர்வமன்று. பாமரர் கூறினால் விநோதமென்று கேட்டுவிட்டுப் போகலாம். மேடையேறிய வித்துவான்களும் அதையே சரித்திரமாகப் பிரசங்கிக்கும்போது வாளாவிருக்க என்னால் இயலவில்லை.

இதழ்களை மூடித் திறந்த மாத்திரத்தில் மழலை வாயில் பிறக்கும் பகர மகர ஒலிகளை, தம்மையே அழைப்பதாகப் பெற்றோர் பாவித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கமென்பதை மொழியியலறிஞர் ரோமன் யாகோப்சன் 1960-ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தகப்பன். நம் அம்மான் அங்கே போய்த் தகப்பனானார் என்று இன்னும் ஒருவரும் ஆராய்ச்சி நூல் வெளியிடாதது நம் அதிருஷ்டமே.

மற்றொரு பிரமாணம் நம் 'எட்டும்' ஆங்கிலேயரின் 'எய்ட்டும்' ஒன்றென்பது. இரண்டின் பூர்வத்தையும் தேடிச் சென்றால் அவை நெருங்குவதற்குப் பதிலாக விலகியோடுகின்றன: ஆங்கிலச் சொல் லத்தீனின் 'ஒக்டோ', வடமொழியின் 'அஷ்ட' என்பவற்றோடு போய்ச் சேர, நம் சொல்லோ எண்பது, எண்ணூறு என்பவற்றில் இன்றும் ஒலிக்கும் 'எண்' என்ற அடியில் போய் நிற்கிறது.

குற்றாலச் சீசனில் கடைதோறும் குவியும் ரம்புட்டானும் துரியனும் மலாய்ப் பெயர்கள். முன்னதில் மயிரும் பின்னதில் முள்ளும் அம்மொழியில் பொருளாக இருக்கின்றன. பழத்தோடு பெயரும் வந்தது, அவ்வளவே. இதனால் மலாயும் தமிழும் உடன்பிறந்தவை ஆகிவிடா. துரியோதனனை இதற்குள் இழுக்காமல் விட்டார்களே!

உறவை நிலைநாட்டுவது ஒலி மாற்றத்தின் ஒழுங்கே. நமது பால், பல், புலி, பத்து என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹத்து என நிற்பதில், பகரம் ஹகரமான விதி சொல்தோறும் தவறாமல் தொழிற்படுகிறது. நம் நெல்லைச் சீமை இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் உறவை நிறுவியதும் இத்தகைய ஒப்புமைகளை வரிசையாக அடுக்கித்தான். அவரே அவ்வுறவைச் சித்திய மொழிகள் வரை நீட்டியபோது பிற்கால அறிஞர் உடன்படவில்லை. 1905-இல் கொரியத்தைத் திராவிடத்தோடு ஒப்பிட்டு நூலெழுதிய ஹல்பர்ட்டுக்கும் அதே கதிதான்.

கொரியர் கண்ணை 'நுன்' என்றும் கல்லைத் 'தோல்' என்றும் வழங்க, திராவிட மொழியொன்றைப் பேசும் பலூசிஸ்தானத்துப் பிராகுயி மக்களோ, தொண்டையில் உராயும் ககரத்தோடு, 'கன்' என்றும் 'கல்' என்றும் இன்றளவும் பேசிவருகிறார்கள். கொரியாவுக்கு மாலை சூட்டும் மேடைகள் எதிலும் இந்த மெய்யான தாயாதிகளின் பெயரை ஒருமுறையேனும் நான் கேட்டதில்லை.