துப்பாக்கியை எதனோடு ஒப்பிடுவது?

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கோரிக்கையும் தவறாமல் தலைதூக்கும். காட்டுப்பன்றிகளைச் சுட விவசாயிகளுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதே அது. அரும்பாவூர், பூலாம்பாடிப் பகுதிகளில் இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆபத்தாயிற்றே என்று யாராவது தயங்கினால், உடனே மறுமொழி வரும்: "சாலையில் நாள்தோறும் சாகிறார்கள், அதற்காக லாரியைத் தடை செய்துவிட்டார்களா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று இது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை நடுவே கொண்ட பெரம்பலூர் மாவட்டத்துக்கும், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாது ஓடும் அரியலூருக்கும் இந்தக் கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவற்றின் அருகே வைத்தால் தமிழகத்தில் துப்பாக்கிச் சாவு மிகச் சிறிய எண்.

ஆனால், அந்த எண் ஏன் சிறியதாக இருக்கிறது? துப்பாக்கி இங்கே அரிதாக இருப்பதால்தான். 2016-ஆம் ஆண்டின் மத்திய உள்துறைக் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் இருந்தன. தமிழகத்தில் 22 ஆயிரத்துச் சொச்சம். இங்கே பகை அரிவாளோடு நின்றுவிடுகிறது. (அரும்பாவூர் மரச்சிற்பிகள் செதுக்கும் கருப்பசாமியின் கையிலும் அரிவாள்தான்.) அரிவாளும் கொல்லும், ஆயினும் அதற்கு அருகே வர வேண்டும், ஓடுகிறவனைத் துரத்த வேண்டும். கட்டுப்பாட்டினால் குறைந்திருக்கும் எண்ணைக் காட்டிக் கட்டுப்பாடே தேவையில்லை என்று வாதிடுவது, கரை உடையவில்லை என்பதற்காகக் கரையை வெட்டச் சொல்வதைப் போன்றது.

இதே வாதத்தை அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாகப் பேசி வருகிறார்கள். அங்கே 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருக்கைப் பட்டை, காற்றுப்பை, சாலை வடிவமைப்பு என்று காரின் ஆபத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். துப்பாக்கியையோ நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்கே வெளியில் வைத்தார்கள். விளைவாக, 2022-இல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 42,514 பேர். துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேற்பட்டோர். காரோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் காருக்குச் செய்ததைத் துப்பாக்கிக்கும் செய்யட்டும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அந்த 48,000-க்குள் அதிகம் பேசப்படாத ஓர் உண்மை இருக்கிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிறரால் சுடப்பட்டவர்கள் அல்லர், தம்மையே மாய்த்துக்கொண்டவர்கள். பள்ளியில் நடக்கும் படுகொலைகள் செய்தியாகின்றன. வீட்டு அலமாரியிலிருந்த துப்பாக்கி ஒரு கொடிய இரவில் எடுக்கப்படுவது செய்தியாவதில்லை. இங்கேதான் நம் ஊருக்குரிய சரியான ஒப்பீடு கிடைக்கிறது என்பது என் எண்ணம். அமெரிக்க வீட்டில் துப்பாக்கி இருக்கும் இடத்தில், பருத்தியும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் நம் வீடுகளில் பூச்சிமருந்துப் புட்டி இருக்கிறது. கடனோ குடும்பச் சண்டையோ மனத்தைக் கலக்கும் சில நிமிடங்களில் கைக்கு எட்டுவது எது என்பதைப் பொறுத்தே ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் அமைகிறது. அந்த நிமிடங்களைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு வாழவே செய்கிறார்கள்.

இலங்கை இதைச் செயலில் காட்டியது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. வறுமை ஒழிந்துவிடவில்லை, போரும் ஓய்ந்துவிடவில்லை. கைக்கு எட்டும் பொருள் மட்டுமே மாறியது. பெரம்பலூர் மாவட்டத்தில் 2017-இல் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் அந்த நஞ்சு தாக்கியே இறந்தனர். அதன் பிறகும் மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றுக்குக் கடிவாளம் போட ஆண்டுகள் பிடித்தன. துப்பாக்கிக்கு ஆட்சியர் வரை செல்லும் கோப்பும், போலீஸ் விசாரணையும் உண்டு. கொடிய நஞ்சுக்கு ஒரு ரசீது போதும். ஒப்பீடு என்று வந்தால் இந்த முரணைத்தான் முதலில் பேச வேண்டும்.

பன்றிக்கு வருவோம். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே, 13-ஆவது பிரிவில், இடமுண்டு. உரிமம் பெற்றாலும் காட்டுப்பன்றியைக் கொல்வதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும். ஆகவே சட்டம் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. அகலத் திறக்காமல் வைத்திருக்கிறது. அது சரி என்றே கருதுகிறேன். ஆள் உயரம் வளர்ந்த மக்காச்சோளக் காட்டில், இருட்டில், சலசலப்பு வந்த திசையை நோக்கிச் சுடுவது என்றால், அங்கே அசைவது பன்றியா, பக்கத்து வயலின் காவல்காரரா என்பது சுடுகிறவருக்குத் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பரில், பயிற்சி பெற்றவர்கள் முறையான தளத்தில் சுட்டபோதே, ஒரு குண்டு எல்லை தாண்டிச் சென்று 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாள்களில் அவன் இறந்தான்.

உரிமம் மறுப்பதோடு அரசின் கடமை முடிந்துவிடுமா என்றால், இல்லை. ஓர் ஏக்கருக்குச் செலவழித்த பணம் ஓரிரவில் உழப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தவர் சும்மா இருக்கமாட்டார். மறுக்கப்பட்ட துப்பாக்கியின் இடத்தில் கள்ளத்தனமான நாட்டுத் துப்பாக்கி வருகிறது, அவுட்டுக்காய் வருகிறது, திருட்டு மின்வேலி வருகிறது. தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 2023 மார்ச்சில் மூன்று யானைகள் அத்தகைய வேலியில் சிக்கி மடிந்தபோது நாடே பேசியது. அதே வகைக் கம்பியை மிதித்து இறக்கும் மனிதர்கள் உள்ளூர்ச் செய்தியாக முடிந்துபோகிறார்கள். அவுட்டுக்காய்க்கோ ஆள் யார், மாடு எது என்ற வேறுபாடே கிடையாது. நாட்டுத் துப்பாக்கிகளை வழக்கின்றி ஒப்படைக்கலாம் என்று மலையடிவார ஊர்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதை நான் வரவேற்கிறேன். ஒப்படைத்தவரின் கொல்லைக்கு மறுநாளும் பன்றி வரும் என்பதையும் அரசு நினைவில் கொள்ள வேண்டும்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. சுடும் பொறுப்பைத் தனிமனிதரிடம் தராமல் அரசே ஏற்றது நியாயமான வழி. ஆயினும் பச்சைமலையை ஒட்டிய நிலங்கள் பல அந்த 3 கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கும் உள்ளே எதுவும் செய்ய இயலாது. மலையை ஒட்டியே பயிர் செய்பவருக்கு எஞ்சுவது இழப்பீடு ஒன்றே. அறுவடைக்கு முன் சேதத்தை அளந்து, அடுத்த விதைப்புக்கு முன் அந்தப் பணம் கைக்கு வருமா என்பதற்கு வேப்பந்தட்டை வட்டத்து விவசாயிகளுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.